சாட்சி சொல்லப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் சட்ட விளக்கமும்

இந்த முறை சேலம், ஏற்காடு, ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாட்சியம் பற்றியவை. பதில்களுக்கு முன் ஒரு தகவல். 2024 ஜூலை 1 முதல், 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் 2023 நடைமுறையில் இருக்கிறது. குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய சட்டப்படியே தொடரும். பிரிவு எண்கள் மாறியிருக்கின்றனவே தவிர, கீழே பேசப்படும் அடிப்படைகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. நாம் புதிய எண்களைச் சொல்கிறோம். முதலாவதைச் சாக்ஷியச் சட்டம் என்றும் இரண்டாவதை நாகரிக் சட்டம் என்றும் சுருக்கிக்கொள்வோம்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பக்கத்துப் பட்டறையில் இரவில் பூட்டை உடைத்து வெள்ளியை எடுத்துப் போய்விட்டார்கள். ஒருவன் பையோடு ஓடியதை நான் பார்த்தேன். போலீசார் விசாரித்து எழுதிக்கொண்டார்கள், கையெழுத்து வாங்கவில்லை. இப்போது கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் அன்றைக்கே சொல்லியாகிவிட்டது, மறுபடி எதற்கு? போகாவிட்டால் என்ன ஆகும்?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

அன்று நீங்கள் சொன்னது இன்னும் சாட்சியம் ஆகவில்லை. நீதிபதி முன்னால் உறுதிமொழி எடுத்து, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புக் கொடுத்து, நீங்களே வாய் திறந்து சொல்வதுதான் சாட்சியம். போலீசார் எழுதியது நாகரிக் சட்டம் 180-ஆம் பிரிவின்படியான விசாரணை வாக்குமூலம். அதில் சாட்சியின் கையெழுத்தை வாங்கக் கூடாது என்று 181-ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே உங்களிடம் கையெழுத்து வாங்காதது சரியான நடைமுறை. அந்தத் தாளை வைத்து எவரையும் தண்டிக்க முடியாது. நீங்கள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால், நீங்கள் கண்டது வழக்கில் இல்லவே இல்லை என்றாகிவிடும்.

அப்படியானால் அந்தத் தாளால் என்ன பயன்? முக்கியமாக ஒன்றுதான்: நீங்கள் கூண்டில் சொல்வதும் அன்று சொன்னதும் முரண்படுகிறதா என்று காட்ட. அது எப்படி நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், பலர் தடுமாறுவது இங்கேதான். ஓடியவன் நீலச் சட்டை போட்டிருந்தான் என்று கூண்டில் சொல்கிறீர்கள். வாக்குமூலத்தில் வெள்ளைச் சட்டை என்றிருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வரியைப் படித்துக் காட்டி, "போலீசில் இப்படிச் சொன்னீர்களா?" என்று கேட்பார். சாக்ஷியச் சட்டம் 148-ஆம் பிரிவின்படி, அந்தக் குறிப்பிட்ட பகுதியை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவராமல் அதை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. நீங்கள் "அப்படிச் சொல்லவில்லை" என்றால், பிறகு விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது அவரிடம் கேட்டு அந்த முரணை நிரூபிப்பார்கள். சொல்லாமல் விட்டதும் முரணாகலாம். "அவன் கன்னத்தில் தழும்பு இருந்தது" என்று முதல் முறையாகக் கோர்ட்டில் சொன்னால், அவ்வளவு முக்கியமான அடையாளத்தைப் போலீசிடம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி நிச்சயம் வரும். உண்மையில் சொல்லியிருந்து அவர்கள் எழுதாமல் விட்டிருந்தால், "சொன்னேன், எழுதினார்களா என்று தெரியாது" என்று நேராகச் சொல்லுங்கள்.

ஓடியவன் உங்களுக்கு முன்பின் தெரியாதவன் என்றால் அடையாள அணிவகுப்பு நடந்ததா என்பது முக்கியம். மாஜிஸ்திரேட் மேற்பார்வையில், ஒத்த தோற்றமுள்ள வேறு ஆட்களோடு நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்வார்கள். அதுவும் தனியாகச் சாட்சியம் ஆகாது. கோர்ட்டில் நீங்கள் கைநீட்டிக் காட்டுவதற்கு அது துணை. அணிவகுப்புக்கு முன்பே ஸ்டேஷனிலோ வாட்ஸ்அப்பிலோ அவன் படத்தைப் பார்த்துவிட்டால் அந்தத் துணையின் மதிப்புப் போய்விடும். பார்த்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் சரி.

சம்மனை வாங்கிக்கொண்டு போகாமல் இருந்தால் பிடிவாரண்ட் வரும். தக்க காரணம் இல்லையென்றால் நாகரிக் சட்டம் 389-ஆம் பிரிவின்படி 500 ரூபாய் வரை அபராதமும் போடலாம். உடம்பு முடியவில்லை என்றால் மருத்துவச் சான்றை அரசு வழக்கறிஞர் மூலம் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.

விசாரணை நாளில் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்குக் காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். வளாகத்தில் பல கோர்ட்டுகள் இருப்பதால் சம்மனில் உள்ள கோர்ட்டின் பெயரையும் வழக்கு எண்ணையும் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு வழக்கறிஞரைப் பார்த்து வந்திருப்பதைச் சொல்லிவிட்டு, உங்கள் முறை வரும் வரை வெளியே இருங்கள். மற்ற சாட்சிகள் பேசுவதை உள்ளே உட்கார்ந்து கேட்கக் கூடாது. பெயரைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏற்றி, கடவுள் பெயராலோ மனசாட்சிப்படியோ உண்மை சொல்வதாக உறுதிமொழி வாங்குவார்கள். முதல் விசாரணையில், அதாவது உங்களைக் கூப்பிட்ட தரப்பே கேள்வி கேட்கும் கட்டத்தில், அரசு வழக்கறிஞர், பதிலைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் கேள்விகளைக் கேட்கக் கூடாது. "இவன்தானே ஓடினான்?" என்று அவர் கேட்டால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். குறுக்கு விசாரணையில் அப்படிக் கேட்கலாம், கேட்பார்கள்.

சாட்சிகளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தூரமும் நேரமும் வெளிச்சமும்தான். "எவ்வளவு தூரத்தில் பார்த்தீர்கள்?" என்றால் வாய்க்கு வந்தபடி 50 அடி என்று சொல்லிவிடுவார்கள். சம்பவ இடத்தின் மாதிரி வரைபடத்தில் அது 150 அடியாக இருக்கும். அளந்து பார்க்காத தூரத்துக்கு எண் சொல்லாதீர்கள். "என் பட்டறை வாசலில் நின்றேன், அவன் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஓடினான்" என்று சொன்னால் போதும், தூரத்தை வரைபடம் சொல்லும். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்று சொல்வதில் குற்றம் எதுவும் இல்லை. இரண்டு கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டால் தனித்தனியாகக் கேட்கும்படி நீதிபதியிடம் வேண்டலாம். அவமதிக்கும் நோக்கத்தோடு கேட்கப்படும் கேள்வியைத் தடுக்கச் சாக்ஷியச் சட்டம் 155-ஆம் பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது.

எல்லாம் முடிந்ததும் பதிவு செய்ததைப் படித்துக் காட்ட வேண்டும். நாகரிக் சட்டம் 313-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நீங்கள் "வலது பக்கம்" என்று சொன்னது "இடது பக்கம்" என்று பதிவாகியிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் திருத்த வழியில்லை. அவசரத்தில் இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஏற்காடு அடிவாரத்தில் டீக்கடை. ஒருநாள் செக்போஸ்ட் அருகே ஒரு வண்டியைச் சோதித்துப் பொருள் பிடித்தபோது என்னையும் இன்னொருவரையும் கூப்பிட்டுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அவசரத்தில் படிக்கவில்லை. எனக்குச் சிக்கல் வருமா?
— வாசகர், அடிவாரம்

நீங்கள் மகஜர் சாட்சி. சோதனையில் என்ன கைப்பற்றப்பட்டது என்று அங்கேயே எழுதும் தாள்தான் மகஜர். மேலே சொன்ன வாக்குமூலத்தில் கையெழுத்துக் கூடாது, மகஜரில் கையெழுத்துக் கட்டாயம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓரிடத்தைச் சோதனையிடும்போது அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சுதந்திரமான ஆட்களையாவது வைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்று நாகரிக் சட்டம் 103-ஆம் பிரிவு சொல்கிறது. இப்போது 105-ஆம் பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோவிலும் பதிவு செய்ய வேண்டும்.

உங்கள் கையெழுத்துக்கு ஒரே பொருள்தான்: என் கண்ணெதிரே இந்தப் பொருள் இந்த இடத்தில் எடுக்கப்பட்டது. கோர்ட் தனியாகச் சம்மன் அனுப்பினால் மட்டும் போனால் போதும். அங்கே உண்மையைச் சொல்லுங்கள். பொருள் எடுத்ததைப் பார்த்திருந்தால் பார்த்தேன் என்றும், எழுதி முடித்த தாளில் கையெழுத்து மட்டும் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். இனிமேல் யார் கேட்டாலும் வெற்றுத் தாளில் போடாதீர்கள். பொருளின் எண்ணிக்கை, எடை, நேரம் இந்த மூன்றையும் படித்துவிட்டு, கையெழுத்துக்குக் கீழே தேதியையும் நேரத்தையும் நீங்களே எழுதுங்கள். பின்னால் அந்தத் தாளைக் காட்டும்போது உங்களுக்கே அது ஞாபகத்தைக் கொண்டுவரும்.

ஒரே ஒருவர்தான் பார்த்தார், அவரும் இறந்தவரின் சொந்தக்காரர். வழக்கு நிற்காது என்கிறார்களே?
— வாசகி, அம்மாபேட்டை

நிற்கும். எந்த உண்மையை நிரூபிக்கவும் இத்தனை சாட்சி வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை (சாக்ஷியச் சட்டம் 139). 1957-இல் வடிவேலு தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்தது: முழுவதும் நம்பத்தக்கவர், முழுவதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர். முதல் வகையில் ஒருவர் போதும். மூன்றாம் வகைக்குத்தான் வேறு ஆதாரத்தின் துணை தேவை. நம் சென்னை மாகாணத்திலிருந்து போன அந்த வழக்கைத்தான் நாடு முழுக்க இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். உறவினர் என்பதற்காகவும் ஒதுக்க முடியாது. நெருங்கிய உறவினர் உண்மைக் குற்றவாளியை விட்டுவிட்டு வேறொருவரை மாட்டிவிடுவது அரிது என்பது 1953 முதலே உச்ச நீதிமன்றத்தின் பார்வை. பழைய பகை இருந்தால் மட்டும் கூடுதலாக உரசிப் பார்ப்பார்கள்.

அண்ணனை வெட்டிவிட்டார்கள். 108 வண்டியில் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது யார் வெட்டியது என்று என்னிடம் சொன்னார். மாஜிஸ்திரேட் வருவதற்குள் உயிர் போய்விட்டது. "அடுத்தவர் சொல்லக் கேட்டது செல்லாது" என்கிறார்கள். என் சொல் எடுபடுமா?
— வாசகர், வாழப்பாடி

எடுபடும். கண்டதைக் கண்டவரும் கேட்டதைக் கேட்டவரும்தான் சொல்ல வேண்டும் என்பது பொது விதி (சாக்ஷியச் சட்டம் 55). அதற்குச் சட்டமே வைத்திருக்கும் விலக்கு மரண வாக்குமூலம் (பிரிவு 26). இறந்தவர் தன் மரணத்தின் காரணத்தையோ, அதற்கு வழிவகுத்த சம்பவத்தையோ சொல்லியிருந்தால், அதைக் காதால் கேட்டவர் கூண்டில் ஏறிச் சொல்லலாம். மாஜிஸ்திரேட்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் சுயநினைவோடு இருந்தார் என்பதற்கு மருத்துவர் சான்று இல்லாவிட்டாலும், கேட்டவரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் போதும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

ஆனால் வாய்மொழி வாக்குமூலத்தைக் கோர்ட் மிகக் கவனமாகப் பார்க்கும். அண்ணன் சொன்ன சொற்களை அவர் பேச்சிலேயே சொல்லுங்கள், உங்கள் வார்த்தையில் அழகாக்க வேண்டாம். வண்டியில் இருந்த பணியாளரும் கேட்டிருக்கலாம், அவரையும் விசாரிக்கும்படி விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள். முக்கியமானது, இதை எப்போது முதலில் வெளியே சொன்னீர்கள் என்பது. புகாரிலேயே இருந்தால் பலம். பத்து நாள் கழித்துச் சொன்னால், அந்தத் தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள்.

ஏற்காடு மலைப்பாதையின் ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் ஒன்று பைக்கை இடித்ததைப் பின்னால் வந்த நான் போனில் எடுத்தேன். அடிபட்டவரை ஆஸ்பத்திரியிலும் சேர்த்தேன். வீடியோவை குரூப்பில் போட்டுவிட்டுப் போனிலிருந்து அழித்துவிட்டேன். கட்டாயப்படுத்திச் சாட்சி ஆக்குவார்களா?
— வாசகர், நாகலூர்

விபத்தில் உதவியவரைச் சாட்சியாகும்படி வற்புறுத்தக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவும் அதன் கீழ் வந்த விதிகளும் இந்தப் பாதுகாப்பைத் தருகின்றன. பெயர் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களாகவே முன்வந்தால், உங்கள் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ, சீருடை இல்லாத அதிகாரி வந்து விசாரிக்க வேண்டும். எங்கள் வேண்டுகோள், முன்வாருங்கள் என்பதே. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அடிபட்டவருக்கு நேரில் கண்ட ஒருவரின் சாட்சியம் பெரிய துணை.

வீடியோவை அழித்ததுதான் பிரச்சினை. குரூப்பில் போட்டது சுருக்கப்பட்ட பிரதி. எடுத்த நாளும் நேரமும் அதில் இருக்காது. போனின் குப்பைக் கூடையில் இன்னும் இருக்கிறதா என்று உடனே பாருங்கள், பல போன்களில் 30 நாள் வரை இருக்கும். கிடைத்தால் வெட்டாமல், பெயர் மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணுப் பிரதியைக் கோர்ட்டில் கொடுக்கச் சாக்ஷியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் 'ஏ' பகுதியைக் கொடுப்பவரும் 'பி' பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பையும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் அடையாளக் குறியீட்டையும், எழுத வேண்டும். ஒரு நொடி வெட்டினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். இவ்வளவும் இருந்தாலும், இதை நான் எடுத்தேன், இந்த வளைவில் எடுத்தேன் என்று சொல்ல ஓர் ஆள் கூண்டில் ஏறுவது வழக்குக்குப் பெரிய பலம்.

எட்டு வயதுப் பையன் சாட்சி சொல்லலாமா?
— வாசகி, ஆத்தூர்

சொல்லலாம். வயது வரம்பு இல்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்கு ஏற்ற பதில் சொல்ல முடிகிறதா என்பதே அளவுகோல் (சாக்ஷியச் சட்டம் 124). பேர் என்ன, எந்த ஸ்கூல், பொய் சொல்லலாமா என்று நீதிபதி முதலில் பேசிப் பார்ப்பார். 12 வயதுக்குக் கீழ் உறுதிமொழி இல்லாமலேயே சாட்சியம் பதிவாகலாம். வீட்டில் உட்கார வைத்து ஒப்பிக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள். சொல்லிக்கொடுத்த வாசனை வந்தால் உண்மையான பகுதியும் சேர்ந்து அடிபடும். குழந்தையே பாதிக்கப்பட்ட போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கென்றால் வழக்கறிஞர்கள் நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி ஏற்பாடும் உண்டு.

கொலை வழக்கில் நான் சாட்சி. "மாத்திச் சொல்லு, இல்லேன்னா மலையில இருக்க முடியாது" என்று ஆள் அனுப்புகிறார்கள். என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், ஏற்காடு வட்டம்

பொய்ச் சாட்சி சொல்லும்படி மிரட்டுவதே தனிக் குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 232-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. யார், என்று, எங்கே, என்ன சொன்னார்கள் என்று எழுதிப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். போன் அழைப்பு என்றால் எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள், பதிவை அழிக்காதீர்கள்.

அதோடு சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனுக் கொடுங்கள். 2018-இல் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுக்கச் சட்டமாக்கியது. நாகரிக் சட்டம் 398-ஆம் பிரிவும் ஒவ்வொரு மாநிலமும் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. 2018 திட்டத்தின்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம், அதன் உறுப்பினர் செயலரான அரசு வழக்கு நடத்துநர் துறைத் தலைவர் வழியாக மனு போகும். உட்கோட்டக் காவல் அதிகாரி ஐந்து வேலை நாட்களுக்குள் மிரட்டலின் தன்மை பற்றி அறிக்கை தர வேண்டும். கோர்ட்டுக்கு வண்டியில் அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிடுவது, வீட்டில் கேமரா, ரோந்து, எதிரியை நேரில் பார்க்காமல் சாட்சி சொல்லும் ஏற்பாடு என்று தேவைக்கேற்பக் கேட்கலாம். ஒரு முறைக்கு மூன்று மாதம் வரை, தேவையென்றால் நீட்டிப்பார்கள். மனு எழுத ஆள் இல்லையென்றால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழையுங்கள்.

பயந்து மாற்றிச் சொன்னால் அதோடு முடிந்துவிடாது. சாக்ஷியச் சட்டம் 157-ஆம் பிரிவின்படி அரசு வழக்கறிஞர் அனுமதி வாங்கி உங்களையே குறுக்கு விசாரணை செய்வார். பிறழ் சாட்சி என்று பெயராகும். அதன்பிறகும் உங்கள் வாயிலிருந்து வந்ததில் நம்பத்தக்க பகுதியைக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். மாஜிஸ்திரேட் முன் ஏற்கெனவே உறுதிமொழியுடன் வாக்குமூலம் கொடுத்திருந்தால், இரண்டில் ஒன்று பொய் என்றாகி உங்கள் மீதே நடவடிக்கை வரலாம். நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

அப்பா தன் காப்பித் தோட்டத்தை எனக்கு உயில் எழுதிவைத்தார். பதிவும் செய்திருக்கிறது. தம்பி வழக்குப் போட்டிருக்கிறான். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் காலமாகிவிட்டார், மற்றவர் மகனோடு வெளியூரில், நடக்க முடியாத நிலையில். பதிவான உயிலுக்கும் சாட்சி தேவையா?
— வாசகி, ஏற்காடு

தேவை. பதிவான மற்றப் பத்திரங்களைக் கையெழுத்துச் சாட்சியைக் கூப்பிடாமலே நிரூபிக்கச் சாக்ஷியச் சட்டம் 67-ஆம் பிரிவு தரும் சலுகை உயிலுக்குக் கிடையாது. கையெழுத்துச் சாட்சி ஒருவராவது உயிரோடு, சாட்சி சொல்லும் நிலையில் இருந்தால் அவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். 30 ஆண்டு பழைய பத்திரத்தில் உள்ள கையெழுத்துகள் உண்மையானவை என்ற அனுமானமும் உயிலுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வெளியூரில் இருப்பவரை விட்டுவிடாதீர்கள், வாய்தாவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 26-ஆம் கட்டளையின்படி, கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் அவர் இருக்கும் இடத்துக்கே போய்ச் சாட்சியம் பதிவு செய்ய உடனே மனுப் போடுங்கள். காணொலி வழியாகவும் கேட்கலாம். முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாகவே தாக்கலாகும், குறுக்கு விசாரணைக்கு மட்டும் அவர் பேசினால் போதும்.

அவர் சொல்ல வேண்டியது என்ன என்பதில்தான் பல உயில்கள் தோற்கின்றன. "அது என் கையெழுத்துத்தான்" என்று மட்டும் சொன்னால் போதாது. வாரிசுரிமைச் சட்டம் 1925-இன் 63-ஆம் பிரிவு கேட்பது இது: உங்கள் அப்பா கையெழுத்திட்டதை இரண்டு சாட்சிகளும் பார்த்திருக்க வேண்டும், அல்லது தன் கையெழுத்து என்று அவர் ஒப்புக்கொண்டதைக் கேட்டிருக்க வேண்டும். இருவரும் அவர் முன்னிலையில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இருந்திருக்க வேண்டியதில்லை. வந்து சொல்பவர் தன்னுடையதை மட்டுமல்ல, இறந்துபோன மற்றச் சாட்சி கையெழுத்திட்ட விதத்தையும் சொல்ல முடிய வேண்டும். 2003-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. மற்றவர் போட்டதை அவர் பார்க்கவில்லை என்றால், அங்கிருந்த வேறு ஆதாரத்தை உங்கள் வழக்கறிஞர் இப்போதே தேட வேண்டும். பத்திரம் எழுதியவர் சாட்சியாகக் கையெழுத்திடாமல் 'எழுதியவர்' என்று மட்டும் போட்டிருந்தால் அவர் பொதுவாகக் கையெழுத்துச் சாட்சி ஆகமாட்டார்.

அவரும் வருவதற்குள் காலமாகிவிட்டால் சாக்ஷியச் சட்டம் 68-ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு சாட்சியின் கையெழுத்தையும் அப்பாவின் கையெழுத்தையும், அவற்றை நன்கு அறிந்தவர்களை வைத்து நிரூபிக்க வேண்டும். பேங்க் விண்ணப்பம், பழைய கிரயப் பத்திரம் போன்றவற்றில் அந்தக் கையெழுத்துகள் இருந்தால் இப்போதே சேர்த்து வையுங்கள்.

இனி உயில் எழுதப் போகிறவர்களுக்கு: தன்னைவிட இளையவர்களைச் சாட்சியாக வையுங்கள், சொத்துப் பெறுகிறவரையும் அவர் வீட்டாரையும் வைக்காதீர்கள், இரு சாட்சிகளையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்தே எழுதி முடியுங்கள்.

சாட்சி சொல்லப் போனால் கூலி போகிறது. பேட்டா உண்டா?
— வாசகர், இளம்பிள்ளை

உண்டு. குற்ற வழக்கில் நியாயமான செலவை அரசு கொடுக்க நாகரிக் சட்டம் 350-ஆம் பிரிவு இடமளிக்கிறது. சாட்சியம் முடிந்த அன்றே கோர்ட் அலுவலகத்தில் கேளுங்கள். சிவில் வழக்கில் உங்களைக் கூப்பிடும் தரப்புதான் பேட்டாவைக் கட்ட வேண்டும். வேலை செய்யும் இடத்தில் காட்ட வருகைச் சான்றும் கேட்டு வாங்கலாம். நீங்கள் வந்து காத்திருக்கும்போது, பதிவு செய்யப்பட்ட சிறப்புக் காரணம் இல்லாமல் விசாரிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று 346-ஆம் பிரிவு சொல்கிறது. அன்று வாய்தா போடப்பட்டாலும் வந்ததற்கான பேட்டாவைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுங்கள்.